தானா வந்துரும்னு சொன்னாங்க

1973-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். கோவில்பட்டியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடு, நடுவில் ஒரு அடிபம்பு, கடைசியில் பொதுக் கழிப்பறை. என் மூத்த மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். மழை விடாமல் பெய்து கொண்டிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் கனத்தது. ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள். காலையிலிருந்து பிள்ளைக்கு வயிற்றோட்டம். கண் உள்ளே போய்விட்டது. உதடு காய்ந்திருந்தது.

"தண்ணி குடுத்தியா?" என்றேன்.

"குடுக்கக் கூடாதாம்ங்க. குடுத்தா இன்னும் போகுமாம். எதிர்வீட்டுப் பாட்டி சொன்னாங்க."

எனக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள். அவள் அதற்கு மேல் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து என் அம்மா வந்தாள். மனைவி அவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, எனக்கு ஒண்ணுமே தெரியல. பிள்ளைக்கு என்ன குடுக்கணும், எப்ப குடுக்கணும், குழம்பு ஏன் நீர்த்துப்போகுது, எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுங்க."

அம்மா சிரித்தாள். "இதெல்லாம் யாரு தாயி சொல்லிக் குடுக்கா? பொம்பளப் பிள்ளைக்குத் தானா வந்துரும்."

அம்மா வேண்டுமென்று சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். நானும் பல வருஷம் அதையே நம்பினேன். பிறகு முப்பத்தைந்து வருஷம் யூனியன் ஆபீஸ்களில் குமாஸ்தாவாக இருந்து, கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்தது. நம் கரிசல் காட்டில் இந்த வீட்டு வித்தையை யார் கற்றார்கள், எப்படிக் கற்றார்கள், எங்கே அந்தச் சங்கிலி அறுந்தது, அறுந்ததை முடிச்சுப் போட யார் யார் பாடுபட்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உரலடியில் ஒரு பள்ளிக்கூடம்

அம்மாவுக்குத் தானாக வந்ததா? இல்லவே இல்லை. அவள் ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை, ஒரு நாள் விடாமல் பாடம் படித்தவள். பாடம் நடந்த இடம் உரலடி. வாத்தியார் அவளுடைய ஆச்சியும் பெரியம்மாவும். அது பள்ளிக்கூடம் என்று யாரும் சொல்லாததால் அவளுக்கும் படித்ததாக நினைப்பில்லை.

கம்மஞ்சோறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி, பதமாக ஊறவிட்டு, உரலில் குத்தி, சுளகில் புடைத்து உமியை நீக்க வேண்டும். மறுபடி குத்திச் சலித்து, குருணையைத் தனியாகவும் மாவைத் தனியாகவும் பிரிக்க வேண்டும். கொதிக்கும் உலையில் முதலில் குருணை, அது வெந்த பிறகு மாவு. கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். தண்ணீர் கூடத் தெளித்தால் உரலில் ஒட்டும். குறைத்துத் தெளித்தால் உமி போகாது. எவ்வளவு என்று கேட்டால் "கைக்குத் தெரியும்" என்பார்கள். அந்தக் கைக்குத் தெரிய மூன்று நான்கு வருஷம் ஆகும்.

அடுப்பு எரிப்பதும் ஒரு வித்தை. நமக்கு விறகு என்றால் பெரும்பாலும் பருத்திமார்தான். சரசரவென்று பற்றி, கண் மூடித் திறப்பதற்குள் அடங்கிவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கம்மஞ்சோற்றுக்கு ஒரு தீ, பால் காய்ச்ச ஒரு தீ. துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் பிரட்டி, மூடிவைத்து, வெயிலில் காயவைத்து, திருகையில் உடைத்தால்தான் தோல் சுத்தமாகப் போகும், பருப்பிலும் பூச்சி விழாது. குலுக்கையில் தானியம் கொட்டுவதற்கு முன் அது நன்றாகக் காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தெளிய வைப்பார்கள். மழை பொய்க்கும் பூமி இது. சித்திரை வெயிலில் போட்ட சீனியவரைக்காய் வத்தலும் மோர்மிளகாயும்தான் காய்கறி இல்லாத மாதங்களில் கைகொடுக்கும்.

இதை நான் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அடி உண்டு. "உங்க அம்மா இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?" என்ற குத்தல் உண்டு. படிக்க ஆசைப்பட்ட எத்தனையோ பெண் பிள்ளைகளை அந்த உரல்தான் கட்டிப்போட்டது. ஆனால் அங்கே ஒன்று நடந்தது: தெரிந்தவள் பக்கத்தில் தெரியாதவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றவளைச் சுற்றி நாலு பெண்கள் இருந்தார்கள். தனியாக ஒரு இருபது வயதுப் பெண், காய்ச்சல் வந்த பிள்ளையோடு பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நிலை அப்போது அபூர்வம்.

சங்கிலி அறுந்த இடம்

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில் ஓடத் தொடங்கியது. கோவில்பட்டி அந்தப் பாதையில் ஒரு ஸ்டேஷன். கரிசல் பருத்தி ரயில் ஏறியது. பஞ்சு இருக்கும் இடத்துக்கு மில்லும் வந்தது. 1901-ல் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. 1923 வாக்கில், கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அது சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழையை நம்பி வயிறு காய்ந்த சனத்துக்கு வாரக்கூலி என்ற ஒன்று முதல்முறையாகக் கைக்கு வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனை குடும்பம் அதனால் கஞ்சி குடித்தது!

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. எங்கள் வளவில் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். புருஷனுக்கு மில் வேலை. அவளுக்குப் பத்தொன்பது வயது, கையில் ஒரு பிள்ளை. அவளும் என் மனைவி மாதிரியே தடுமாறுவாள். சோறு குழையும், அல்லது வேகாது. ஒருநாள் என் மனைவி, "நீங்க கிராமத்துப் பிள்ளைதானே, உங்களுக்குமா தெரியாது?" என்று கேட்டிருக்கிறாள்.

"எட்டு வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன்க்கா. விடியமுன்ன போனா இருட்டுன பெறகுதான் வருவேன். அம்மாவும் அங்கதான். ஆச்சிதான் ஆக்கி வைக்கும். எனக்குக் குச்சி அடுக்கத் தெரியும், பெட்டி ஒட்டத் தெரியும். வேற என்ன தெரியும்?"

இதை என் மனைவி என்னிடம் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. பின்னால்தான் உறைத்தது. என் மனைவியின் அம்மா, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவள் ஹாஸ்டலில் வளர்ந்து படித்தவள். பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். ஒருத்திக்குப் புத்தகமும் இன்னொருத்திக்குத் தீக்குச்சியும் அந்தப் பத்து வருஷத்தை எடுத்துக்கொண்டன. இரண்டு பேரும் ஒரே அடிபம்பு அடியில் ஒரே கேள்வியோடு நின்றார்கள்.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகளின் கதை பிற்பாடு ஊர் உலகம் அறிந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பள்ளிப் படிப்பு போனதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். அதோடு சேர்ந்து இன்னொரு படிப்பும் போனது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஒரு புத்தகம்

இந்தத் தவிப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. வேலை தேடிச் சென்னை, பம்பாய், டில்லி என்று போன குடும்பங்களில் இது முன்னாலேயே வந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமான பெண், மாமியாரும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் எங்கோ ஒரு அறையில் அடுப்பு மூட்டினாள். அவளுக்காக 1951-ல் ஒரு புத்தகம் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்'. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, சமையலில் பேர் வாங்கிய அம்மையார் அவர். உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதால் எழுதியதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு எத்தனை கல்யாணப் பெண்களின் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்குக் கீழே அந்தப் புத்தகம் போயிருக்கும்! பிற்பாடு இங்கிலீஷிலும் வந்து கடல் கடந்து போனது.

என் மனைவிக்கும் ஒரு பழைய பிரதி கிடைத்தது. கூட வேலை பார்த்த டீச்சர் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு தனிக்கதை. புத்தகத்தில் அளவெல்லாம் ஆழாக்கிலும் பலத்திலும் இருந்தன. 1957 ஏப்ரலில் அணாவும் தம்பிடியும் போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வீசையும் பலமும் போய் கிலோவும் கிராமும் வந்தன. எங்கள் ரேஷன் கடையில் கிலோக் கணக்கு. புத்தகத்தில் பலக் கணக்கு. ஒரு பலம் சுமார் 35 கிராம், எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கே போட்டு வைத்திருந்தாள். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. எண்ணெய்க் கறை.

ரசமும் சாம்பாரும் அவளுக்கு அந்தப் புத்தகத்தால்தான் வசப்பட்டன. அதை மறக்க முடியாது. ஆனால் அது அந்தண வீட்டுச் சைவச் சமையல். கருவாட்டுக் குழம்பு அதில் இருக்காது. கம்பும் குதிரைவாலியும் அதன் உலகம் அல்ல. பருத்திமார் எரிப்பதற்கும், உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவைப்பதற்கும் அதில் வழி தேட முடியாது. நம் கரிசல் சமையலுக்கு அப்போது யாரும் புத்தகம் போடவில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-ல் 'கரிசல் வட்டார வழக்கு அகராதி'யைக் கொண்டுவந்தபோதுதான், நம் வீட்டில் புழங்கும் சொற்கள் அச்சில் ஏறத் தகுதி உள்ளவை என்பதே எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது.

சேவிகாம்மா வந்தார்

இனி நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமூக நலத் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது. ஆண்களுக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்கக் கிராம சேவகர். பெண்களுக்கு வீட்டுக் காரியம் சொல்லிக்கொடுக்கக் கிராம சேவிகா. பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் வந்தபோது இவர்கள் அதன்கீழ் வந்தார்கள். ஊருக்கு ஊர் மாதர் சங்கம். சங்கத்துக்கு ஒரு தையல் மிஷின், ஒரு ஜமக்காளம், ஒரு வருகைப் பதிவேடு.

எங்கள் யூனியனில் இருந்த சேவிகாம்மா ஒல்லியாக இருப்பார். கதர்ப் புடவை. தோளில் ஒரு பை, அதில் சத்துணவுப் படங்கள். பஸ் போகாத ஊருக்கு நாலு மைல் நடப்பார். பிள்ளைக்கு முருங்கைக்கீரை கொடு, பயறு கொடு, அம்மை குத்திக்கொள், நகத்தை வெட்டு, தண்ணீரைக் காய்ச்சு என்று சொல்லிக்கொண்டே போவார். ஊர்ப் பெண்கள் முதலில் சிரிப்பார்கள். "கலியாணம் ஆகாத பிள்ள, நமக்குப் பிள்ள வளக்கச் சொல்லிக் குடுக்கு" என்பார்கள். ஆனால் தையல் வகுப்புக்கு மட்டும் கூட்டம் தாங்காது. ஒரு பாவாடை தைத்தால் காசு மிச்சம். அது கண்ணுக்குத் தெரிந்த லாபம்.

புகையில்லா அடுப்பின் கதையை நான் சொல்லியே ஆக வேண்டும். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களில் வகுத்த அடுப்பு மாதிரி நாடெங்கும் பேசப்பட்டது. மண்ணால் கட்டி, இரண்டு மூன்று வாய் வைத்து, புகை போகக் குழாய் வைத்த அடுப்பு. நல்ல நோக்கம். பெண்கள் கண் எரிந்து இருமி இருமி ஆக்குவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் யூனியனிலும் 'இலக்கு' வந்தது. இத்தனை அடுப்பு இந்த மாதத்துக்குள் என்று. அடுப்புகள் கட்டப்பட்டன. மாதா மாதம் அந்த ஸ்டேட்மெண்டைத் தயார் செய்தவன் நான்தான். 'அமைக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'எரிபவை' என்று கட்டம் கிடையாது.

ஒருமுறை ஜீப்பில் கூடப் போனபோது ஒரு வீட்டில் அந்த அடுப்பைப் பார்த்தேன். மேலே துவரைச் சாக்கு அடுக்கி வைத்திருந்தது. அந்த அம்மாள் வெளியே மூணு கல்லைக் கூட்டி ஆக்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஐயா, அது விறகுக்குள்ள அடுப்பு. எங்ககிட்ட இருக்கது பருத்திமார். தள்ளத் தள்ள எரியும். அந்த வாயில எம்புட்டுத் தள்ள முடியும்? குழாயில கரி அடைச்சா யாரு ஏறி எடுக்க? எங்க களிப்பானை அந்தக் குழியில உக்காராது."

மூன்று வாக்கியத்தில் மூன்று காரணம். அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவளை அடுப்புக் கட்டுவதற்கு முன்னால் யாரும் கேட்டிருக்கவில்லை. நான் ஆபீஸுக்கு வந்து, அந்த மாத ஸ்டேட்மெண்டில் வழக்கம் போல் எண்ணைப் போட்டுக் கையெழுத்துக்கு வைத்தேன். இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்த நாங்கள் கேட்டுக்கொள்ள வரவில்லை. அதுதான் அன்றைய குறை.

அதே காலத்தில் இந்த வித்தை கல்லூரிப் படிப்பாகவும் வளர்ந்தது. டில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-லேயே வந்துவிட்டது. நம் பக்கம் கோவையில் 1957-ல் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் மனையியல் கல்லூரி தொடங்கினார். அமெரிக்காவில் ஓஹையோவில் டாக்டர் பட்டம் வாங்கி வந்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அதை வளர்த்தார். சமையலும் பிள்ளை வளர்ப்பும் ஆராய்ச்சிக்கு உரியவை என்று சொல்லவே அன்று தைரியம் வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் எங்கும் மாறவில்லை. கிராம சேவகர் ஆணுக்கு, சேவிகா பெண்ணுக்கு. வயல் இவனுக்கு, அடுப்பு அவளுக்கு. 1937-ல் காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வியைப் பற்றிப் பேசியபோது, கைத்தொழில் வழியே கல்வி என்பது ஆண் பெண் இருவருக்கும் என்றுதான் இருந்தது. ஆதாரப் பள்ளிகளில் பையன்களும் பெருக்கினார்கள், தோட்டம் போட்டார்கள். நம்மில் பலர் சின்ன வகுப்பில் தக்ளி சுற்றியிருப்போம். அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்டியது ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தக்ளியோடு அது முடிந்துபோனது. ஒரு பையனுக்கு உலை வைக்கவோ, பிள்ளைக்குத் துணி மாற்றவோ எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குத் தெரிந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

உப்பும் சீனியும்

1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. பண்ணை இல்ல ஒலிபரப்பும் மகளிர் நிகழ்ச்சியும் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். டீக்கடை ரேடியோவில் ஆண்கள் உர விலை கேட்டார்கள். பிள்ளைக்கு ஆறாம் மாதம் என்ன கொடுப்பது என்று ரேடியோ சொன்ன மதிய வேளையில் அந்தப் பெண்கள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய மாற்றம் 1980-களில் வந்தது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கி, பிறகு நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கும் வந்தது. மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்து உருண்டை கொடுத்தார்கள். எடை போடுகிறவள் அதே ஊர்ப் பெண். அடுத்த வீட்டுக்காரி. சேவிகாம்மா காலத்தில் செய்யாத காரியம் அதுதான். தெரிந்தவள் பக்கத்தில் தெரியாதவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

1956-ல் காமராஜர் நம் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர் ஊருக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெண்களுக்கு வேலை வந்தது. வீட்டில் ஆக்கினால் கடமை. பள்ளிக்கூடத்தில் ஆக்கினால் சம்பளம். ஒரு சமையல்கார அம்மா என்னிடம் முதல் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது, "நாப்பது வருசமா ஆக்குறேன், இன்னைக்குத்தான் இது வேலைன்னு எழுதியிருக்காங்க" என்றார்.

அந்த வருஷங்களில் ஒருநாள் சுகாதார நர்ஸ் ஒருவர் எங்கள் ஆபீஸ் வராந்தாவில் தாய்மார்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். ஆறு டீஸ்பூன் சீனி, தலை தட்டி. அரை டீஸ்பூன் உப்பு, அதுவும் தலை தட்டி. வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதே. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு. அவ்வளவுதான்.

நான் ஃபைலை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1973 ஐப்பசி மழை கண்முன்னே வந்தது.

பிறகுதான் அதன் கதையைப் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போரில் அகதிகள் இந்தியாவுக்குள் வந்தபோது, எல்லையோரம் பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றக் குளுக்கோஸ் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களையே வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே வந்தது. டாக்டர் கை போதாத இடத்தில் அம்மாக்களின் கை வேலை செய்தது.

அது நடந்தது என் மகனுக்கு வயிற்றோட்டம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். அது எங்கள் வளவுக்கு வந்து சேரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க ஆச்சி, பிள்ளைகளுக்கு வயித்தால போனா உப்புப் போட்டுக் கஞ்சித்தண்ணி குடுப்பா. விடாம குடுப்பா. அப்புறம் எல்லாரும் தண்ணி ஆகாதுன்னு சொன்னாங்களா, நானும் விட்டுட்டேன்."

அரிசிக் கஞ்சித்தண்ணியும் உப்பும் சேர்ந்தால் வயிற்றோட்டத்துக்கு நல்லது என்று இன்று டாக்டர்களே சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்த மருந்து. மூன்றாம் தலைமுறைக்கு வருவதற்குள் கைமாறாமல் தொலைந்துவிட்டது. தானாக வரும் என்று நம்பியதால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. 'தண்ணி ஆகாது' என்ற தப்புப் பாடமும் அதே வழியில்தான் வந்தது. சொன்னதைச் சோதித்துப் பார்க்கவும் ஆள் இல்லை.

அறுபத்தோரு வயதில்

2005-ல் ஓய்வு பெற்றேன். 2008-ல் மனைவி முற்றத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளைகள் வெளியூரில். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அறுபத்தோரு வயதில், ஒரு யூனியனின் கணக்கையே கட்டி ஆண்ட நான், ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் காட்டினாள். "விரல விட்டுப் பாருங்க. அரிசிக்கு மேல ஒரு கணு." முதல் நாள் குழைந்தது. இரண்டாம் நாள் அடி பிடித்தது. ஒரு வாரத்தில் ரசம் வைத்தேன். அவள் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "1973-ல இத நீங்க கத்திருந்தா நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். அந்தச் சொல்லுக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

கைக்குழந்தையோடு தவித்த அந்த நாட்களில் அவள் ஆசைப்பட்டது நகையோ புடவையோ அல்ல. "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. கூட நின்று கற்க வேண்டிய நான், அது என் வேலை இல்லை என்று ஸ்டேட்மெண்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன மாதம் அவனுக்கும் பிள்ளை பிறந்தது. ராத்திரி பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறான். பிள்ளையைக் குளிப்பாட்ட எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவன்தான் கேட்கிறான். அவன் மனைவி பின்னால் தூங்குகிறாள். என் மனைவி போனை வாங்கி, காலை நீட்டி உட்காரச் சொல்லி, ஒரு தலையணையை மடியில் வைத்துச் செய்து காட்டுகிறாள். "கழுத்தப் பிடிச்சுக்கோ ராசா, பயப்படாத, வந்துரும்" என்கிறாள்.

'தானா' என்ற சொல்லை அவள் சொல்வதில்லை. நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள் வீட்டில் வயதான கை ஒன்று இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு என்றால் "கைக்குத் தெரியும்" என்பார்கள். விடாதீர்கள். ஆழாக்கை எடுத்து அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். பேரன் பேத்தி இரண்டு பேரையும் கூட உட்காரவையுங்கள்.